மயிரிழை இடப்பக்கம்

அக்காவும் தங்கையும் ஒரே அறையில் பல வருடங்கள் நட்சத்திரம் அளந்தவர்கள். ஆய்வகத்தில் ஒருத்தி பெரியவள், மற்றவள் சின்னவள்; சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

பெரியவள் போய்ச் சேர்ந்தபின், அவள் பாதியில் விட்ட நட்சத்திரம் சின்னவள் தலையில் விழுந்தது. பார்க்க ஒற்றையாகத் தெரிந்தாலும் அது ஒண்டிக்கட்டை இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணையோடு சேர்ந்து சுற்றுகிறது. அது நம்மை நெருங்கும்போது கண்ணாடித் தகட்டில் பதியும் அதன் நிறமாலைக் கோடுகள் ஒரு பக்கமாகவும், விலகும்போது மறுபக்கமாகவும் நகரும். அந்த நகர்வை அளந்தால் சுற்றுப்பாதை கிடைத்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்து, அதற்குள் தெரியும் மெல்லிய கம்பியைக் கோட்டின்மேல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். வம்பே அங்கேதான். பெரியவள் எப்போதும் மயிரிழை இடப்பக்கம் வைப்பாள். ஆளுக்கொரு கோணல் உண்டு என்பதால் தகட்டைத் தலைமாற்றிப் போட்டு இன்னொரு முறையும் அளப்பார்கள்; சராசரியில் கோணல் அடிபட்டுப் போகும். சின்னவளுக்கோ கோணலே கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்; அக்காவைச் சீண்டவும் அது உதவியது.

சின்னவள் எடுத்த அளவுகளைப் பார்த்துவிட்டு ஆய்வகத் தலைவர் கூப்பிட்டார்.

"உங்க அக்கா கணக்கைப் பாத்து ஈயடிச்சான் காப்பி அடிச்சிருக்கே. அதே இடக்கோணல்!"

"இல்லைங்க ஐயா. நானேதான் அளந்தேன்."

"அப்ப நேத்து எடுத்த தகட்டை என் முன்னாடி அள. காப்பின்னு தெரிஞ்சா இனிமே இந்த அறைப்பக்கமே வராதே."

அக்கா கண்மூடிய பிறகு எடுத்த தகடு. பார்த்து எழுத எதுவுமில்லை. சின்னவள் கம்பியைக் கோட்டின் நட்டநடுவில் வைத்தாள், சத்தியமாக நடுவில்தான். தலைமாற்றிப் போட்டும் அளந்தாள். கோணல் எவ்வளவு என்று பார்க்க, தலைவர் இரண்டு அளவுகளில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். மறுபடியும் கழித்தார். பிறகு பேயறைந்தவர் போல உட்கார்ந்துவிட்டார்.

"அதே மயிரிழை," என்றார். "அவளேதான்."

பழி நீங்கியதில் சின்னவளுக்கு முதலில் நிம்மதி. அடுத்து, சொல்ல வெட்கமாக இருந்தாலும், சந்தோஷம். அக்கா எங்கும் போகவில்லை, இந்தக் கைக்குள்ளேதான் இருக்கிறாள்.

தலைவர் பேனாவை எடுத்து, அளந்தவர் என்ற இடத்தில் பெரியவளின் பெயரை எழுதினார். பழக்கமோ பயமோ, அவருக்கே தெரியாது.

சின்னவள் அந்தப் பெயரைப் பார்த்தாள். கம்பியை நடுவில் வைக்கத் தெரிந்த ஒருத்தி இத்தனை வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளே.

"அப்ப நான் எங்க போனேன், ஐயா?"