காற்றுக்குழாய்

பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் தங்கை, அங்கே மிச்சமான அச்சு மாவில் வார்த்த பொம்மைகளைச் சாப்பாட்டு மேசைமேல் பரப்பினாள். அவளே யோசித்து உருவாக்கிய போர் விளையாட்டு. ஒரு பக்கம், வேற்றுக்கிரகத்து ராட்சத இயந்திரம் ஒன்றே ஒன்று. எதிர்ப்பக்கம், நிலவில் சுரங்கம் தோண்டும் தொழிலாளர் கூட்டம். கையில் துளைபோடும் கருவி மட்டும். மீட்புக் கப்பல் வரும்வரை தாக்குப்பிடித்தால் அவர்களுக்கு வெற்றி.

போரிலிருந்து திரும்பிய அண்ணன் அவள் வீட்டு மாடி அறையிலேயே அடைந்து கிடந்தான். சின்ன வயதில் விளையாட்டென்றால் அவனுக்கு உயிர். அதனால்தான் கூப்பிட்டாள்.

அவன் இயந்திரத்தை எடுத்துக்கொண்டான். அவள் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் பதுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இயந்திரம் கிட்டவே வரவில்லை. மேசையோரமாகச் சுற்றிப் போய், சுரங்கத்துக்குள் போகும் காற்றுக்குழாயை அறுத்துவிட்டு நின்றது.

"உள்ள வரவே மாட்டியாண்ணா?"

"எதுக்கு? சும்மா நின்னா போதும்."

"போங்கு ஆட்டம் மச்சான் இது!" என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் சிரித்தான்.

"போங்குதான். எங்களுக்குத் தண்ணிக்குழாய அறுத்தாங்க. ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள இருந்தோம். ஊர் ஜனமும் எங்ககூட."

கணவனின் முகம் செத்துப்போனது.

"குழாயத் தொடக்கூடாதுன்னு விதி போட்டுடறேண்ணா," என்றாள் அவசரமாக.

"வேணாம். அறுக்கத்தான் செய்வாங்க. உள்ள இருக்கிறவங்க கதவத் திறந்துட்டு, கையத் தூக்கிக்கிட்டு வெளிய வரலாம்னு ஒரு விதி போடு. அது இதுல இல்ல."

"வந்தா?"

"இயந்திரத்த வெச்சிருக்கிறவன் முடிவு பண்ணட்டும்."

"உங்கள என்ன பண்ணாங்க?"

அண்ணன் பொம்மைகளையெல்லாம் வெட்டவெளிக்கு நகர்த்தினான். சிலவற்றை ஒதுக்கி நிறுத்தினான். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தான். ஒன்றை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

அந்த விதியை அவள் சேர்த்தாள். விளையாட்டுக் கடை ஒன்றில் ஆடிப் பார்க்க எடுத்துப் போனாள். இயந்திரத்தை ஆடியவர் ஒரு வங்கி அதிகாரி, தங்கமான மனிதர். அவளுடைய ஆட்கள் வெளியே வந்ததும் கேட்டார்:

"சுட்டா எனக்குப் புள்ளி கூடுமா?"

"கூடாது."

"குறையுமா?"

"குறையாது."

"அப்ப சுட்டுடறேன். ஆட்டம் சீக்கிரம் முடியும்."

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன செஞ்சாங்க?"

பொய் சொல்ல நினைத்தாள், வாய் வரவில்லை. "சுட்டுட்டார்ணா. கோபமெல்லாம் இல்ல. சும்மா."

அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அடுத்த தடவை நானும் வரேன்," என்றான். "சுரங்கத்து ஆளுங்கள நான் வெச்சிக்கறேன். அந்தாளு என் முகத்தப் பாத்துக்கிட்டே முடிவு பண்ணட்டும்."