சாட்சிக் கையெழுத்து

வேலுத்தாய் சிவபாண்டிக்குத் தர வேண்டியது இருபத்து மூவாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். பட்டாசுக் கம்பெனியில் கை வெந்துபோன புருஷன் முனியராஜின் வைத்தியத்துக்காக, எம். புதுப்பட்டியிலுள்ள அவருடைய சத்துமாவுக் கொட்டகையில் முன்பணமாக வாங்கியது. வாராவாரம் சம்பளத்தில் பிடித்தும் வட்டிதான் கழிந்தது. முதல் அசையவில்லை.

அங்கே அவளுக்கு இரண்டு வேலை. மக்காச்சோள லோடு இறங்கியதும், மூட்டை வாயில் தைத்திருக்கும் சீட்டுகளை அறுத்துப் பசை காய்ச்சும் அடுப்பில் போட வேண்டும். பிறகு மாவுப் பாக்கெட்டில் லேபிள் ஒட்ட வேண்டும். நாற்பத்தாறு வயதில் முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டப் பழகியபின்தான் ஒருநாள் சீட்டை வாசித்தாள். 'மரபணு மாற்றிய சோளம். கோழித் தீவனத்துக்கு மட்டும். மனிதர் உண்ணச் சோதிக்கப்படவில்லை.' லேபிளையும் வாசித்தாள். 'மரபணு மாற்றம் இல்லாதது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தது. குழந்தைகளுக்கு ஏற்றது.'

கூட லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த செல்வலட்சுமியிடம் சொன்னாள்.

“கிழிஞ்ச பாக்கெட்டத்தான எம் மகளுக்குக் காய்ச்சிக் குடுக்கேன்,” என்றாள் அவள். “ஒரு வருசமாக் குடிக்கா. இன்னும் முட்டை விடலக்கா.” சிரித்தவள், கொஞ்சம் பொறுத்து, “அதத் தின்னா என்னக்கா செய்யும்?” என்று கேட்டாள்.

“சோதிக்கலன்னுல்ல போட்டிருக்கு. யாருக்குத் தெரியும்.”

அடுத்த புதன்கிழமை உணவுப் பாதுகாப்பு அதிகாரி அருணாதேவி ஜீப்பில் வந்தார். சிவபாண்டி அவரைச் சுவரோரம் இருந்த ஒற்றை மூட்டைக்குக் கூட்டிப்போனார். அது மரபணு மாற்றாத நாட்டு மக்காச்சோளம். லேபிளுக்காக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய மாதிரியும் அதிலிருந்து அள்ளியதுதான். லாரிச் சரக்கு பூராவும் பின்னறையில் பூட்டிக் கிடந்தது.

அதிகாரி மாதிரி எடுத்து, நாலு பங்காக்கி, அரக்கு வைத்தார். சாட்சி போட ஊருக்குள்ளிருந்து யாரும் வரவில்லை.

“எழுதத் தெரிஞ்ச ஆளு இருக்கா?”

“இந்தா வேலுத்தாயி இருக்காகள்ல,” என்றார் சிவபாண்டி. அவள் பேரோடு மரியாதை சேர்ந்து அவர் வாயில் வந்தது அன்றைக்குத்தான். பேனா எடுக்கும் சாக்கில் அவளை ஒதுக்கி, “கையெழுத்தப் போடு. கணக்க அடிச்சிருதேன்,” என்றார்.

“அம்மா, இங்க இருக்க சோளம் பூரா இதுதானா?” என்று அதிகாரி கேட்டார்.

பூட்டிய கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. செல்வலட்சுமி பசைச் சட்டியை விட்டுத் தலை நிமிரவில்லை. முனியராஜுக்கு இன்னும் மூன்று விரல் மடங்காது. சோற்றை இவள்தான் பிசைந்து கொடுக்கிறாள்.

“இதுதான் மேடம்.”

ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். ஒன்றும் பிசகவில்லை.

ஜீப் போனபின் செல்வலட்சுமி வாய் திறந்தாள். “எங் கணக்குல முப்பதாயிரம் நிக்குது. அடுத்த தடவை ஆபீசர் வந்தா என்னையச் சொல்லுக்கா. நானும் எழுதப் படிச்சுக்கிடுதேன்.”

வேலுத்தாய் சிவபாண்டியிடம் போனாள்.

அவர் கணக்கு நோட்டை விரித்து அவள் பாக்கிக்குக் குறுக்கே கோடு இழுத்தார். அவள் போகாமல் நின்றாள். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கோட்டுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். அவர் முறைத்துவிட்டு, 'பாக்கி இல்லை' என்று எழுதினார்.