பட்டாளத்துக் கல்

முத்துக்கரிசலில் இவாஞ்சலின் வீட்டுத் துவைக்கிற கல்லுக்குத் தனிப் பேர். போர்வையானாலும் சரி, பருத்திக்காட்டில் புரண்டு வந்த வேட்டியானாலும் சரி, அதில் போட்டு நாலு தேய் தேய்த்தால் அழுக்கு விட்டுவிடும். அம்மி கொத்துகிறவன் கொத்திப்போட்டதுபோல மேலெல்லாம் லேசாகச் சொரசொரத்துக் கிடக்கும், துணி வழுக்காது. போர்வெல் தண்ணீரும் அந்த வீட்டில்தான் உப்புக் கரிக்காமல் வரும். மற்ற வீடுகளில் சோப்பு நுரைக்கவே செய்யாது. அதனால் அடுத்த வீட்டு ஆறுமுகத்தாய் அழுக்குத் துணி சேர்ந்ததும் வாளியோடு இங்கே வந்துவிடுவாள்.

"ஏட்டி இவாஞ்சலி, ஒங் கல்லுல தொவச்சா எங்க வீட்டுக்காரர் சட்டை புதுசாட்டம் ஆயிருது. ஒரு நாளு அவரையும் கூட்டிட்டு வந்து இதுல போட்டுக் கசக்கிட்டுப் போறேன்."

"கூட்டிட்டு வாங்க மதினி. சாயம் போச்சுன்னு பொறவு எங்கிட்டச் சண்டைக்கு வரப்பிடாது."

"அவருட்டச் சாயம் எங்கட்டி மிச்சம் இருக்கு?"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் இவாஞ்சலின் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஆறுமுகத்தாய் அந்தக் கல்லில் துணி அடிக்கிற சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்க அவளால் முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா.

முந்தி சர்ச்சை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் முகப்புச் சுவரில் சதுரமாக ஒரு கல் பதித்திருந்தார்கள். முதலாவது உலகச் சண்டைக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் நாலு பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலீஷில் வெட்டிய கல். எண்ணிக்கை இருந்தது, பேர் ஒன்றுகூட இல்லை. பேர் இல்லாத கல்லை ஊர் எத்தனை காலத்துக்கு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்? கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வெள்ளையடிக்கிறவர்கள் சுவரோடு சேர்த்துக் கல்லுக்கும் ஒரு பூச்சுப் பூசினார்கள். அப்பன் பூசி, மகன் பூசி, எழுத்து இருந்த இடமே தெரியாமல் அது வெறும் வெள்ளைச் சதுரமாகப் போய்விட்டது.

ஆறுமுகத்தாய்க்கு அதுதான் தாத்தா. அவளுடைய அப்பா கைப்பிள்ளையாக இருக்கும்போது கப்பல் ஏறிய சுடலைமுத்து, ஈராக் பக்கம் பஸ்ராவில் இறந்துபோனார் என்று சேதிதான் வந்தது. எரித்த இடமோ புதைத்த இடமோ அவர்களுக்குக் கிடையாது. ஆகவே ஆடி அமாவாசைக்கு அந்த வீட்டார் வந்து, வெள்ளைச் சதுரத்துக்குக் கீழே அரளிப் பூ வைத்துவிட்டுப் போவார்கள். சர்ச் காம்பவுண்டுக்குள் அரளிப் பூவோடு நுழைகிற அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அவிய தாத்தாவப் பாக்க வாராவ" என்று கேட்டைத் திறந்துவிடுவார்கள்.

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது மேலே நிற்கிற சுவரையும் சேர்த்து வெடிக்கவைக்கும். பள்ளிக்கூடம் அப்படித்தான் விரிசல் விட்டது. அதை இடித்துவிட்டுக் கூட்டம் போட ஒரு மண்டபம் கட்டுகிற வேலை, இவாஞ்சலினின் புருஷன் கொத்தனார் ஜேம்ஸ்ராஜுக்குக் கிடைத்தது. துவைக்க ஒரு கல் வேண்டுமென்று இவாஞ்சலின் அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். இடித்தது கூலியாட்கள். அவர் வரும்போது எல்லாம் குவியலாகக் கிடந்தது. சுண்ணாம்பு அப்பிய கல் ஒன்று தட்டையாகக் கண்ணில் பட்டதும் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் போட்டார். அது எந்தக் கல் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அதுவரைக்கும் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது.

துவைக்கத் துவைக்கச் சுண்ணாம்பு உரிந்து, உள்ளேயிருந்து எழுத்து வந்தது. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் ஆஸ்லின் குனிந்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

"எம்மா, இது பட்டாளத்துக்குப் போனவங்க கல்லும்மா. செத்துப்போனவங்க."

ஜேம்ஸ்ராஜ் பதறிவிட்டார். ஏனென்றால் முந்தின வாரம்தான் ஆறுமுகத்தாய் வந்து கல்லைப் பற்றிக் கேட்டிருந்தாள். "அது ஒடஞ்சு அஸ்திவாரத்துக்குள்ள போயிருக்கும் தாயி" என்று அவர் மனதார நம்பித்தான் சொல்லியிருந்தார். இப்போது போய் மாற்றிச் சொல்ல வெட்கம். என்ன செய்வதென்று தெரியாமல் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"திருப்பியாவது போடுதேன். எழுத்து கீழ போயிரும்லா" என்றார்.

அன்றைக்கு இவாஞ்சலின் சொன்ன பதில் இதுதான்: "பின்பக்கம் வழுவழுன்னு இருக்கு. துணி நிக்காது. இப்படியே கெடக்கட்டும்."

ஜேம்ஸ்ராஜ் காலமாகிவிட்டார். ஆஸ்லின் கல்யாணமாகி நாகர்கோவிலுக்குப் போய்விட்டாள். அந்தப் பதில் மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் ஆறுமுகத்தாய் புது மண்டபத்தின் வெறும் சுவருக்குக் கீழே, கல் இருந்த மூலையைக் கண்ணால் அளந்து பூ வைத்துவிட்டுத் திரும்புவாள். இவாஞ்சலின் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் ஒரு வருஷம் ஆறுமுகத்தாய் வீட்டுக் கிணறு வற்றி, அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்து நின்றாள். வராதீர்கள் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? எழுத்து நாளாக நாளாக மழுங்கிக்கொண்டு வந்தது. மழுங்கட்டும், அதுவும் நல்லதுக்குத்தான் என்று இவாஞ்சலின் ஒருநாள் நினைத்தாள். பிறகு, இப்படியும் நினைக்கிற மனசா என்று தன்னையே பார்த்துப் பயந்தாள்.

இந்த வருஷம் மாயகிருஷ்ணன் வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், கோவில்பட்டியில் வீடு. அவருடைய பூர்வீகம் இந்த ஊர். இரண்டு உலகச் சண்டையிலும் போனவர்களுக்கு ஊரில் ஒரு கல் வைக்க வேண்டும், இந்தத் தடவை பேரோடு வெட்ட வேண்டும் என்று வீடு வீடாக விசாரித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார். ஆறுமுகத்தாயும் இவாஞ்சலினும் வாசலில் பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பழைய கல்லு ஒண்ணு இருந்துச்சாமே?" என்று கேட்டார்.

"அது எங்க தாத்தா கல்லு அண்ணாச்சி. அஸ்திவாரத்துக்குள்ள போயிட்டு" என்றாள் ஆறுமுகத்தாய். "போனாப் போவுது, புதுசுல அவிய பேரப் போட்டிருங்க, சுடலைமுத்துன்னு. பொறவு, இவ மாமாவையும் சேத்துக்கிடுங்க."

"மதினி, அதெல்லாம் வேண்டாம்."

"நீ சும்மா இரிட்டி. இவ அம்மைக்கு அண்ணன், தேவசகாயம். ரெண்டாவது சண்டையில பர்மாவுல போயிட்டாவ. இவளுக்குக் கேக்கக் கூச்சம். நான்லா கேக்க வேண்டியிருக்கு."

மாயகிருஷ்ணன் தலையாட்டிக்கொண்டார். இவாஞ்சலின் சுளகைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய அம்மா கடைசிவரைக்கும் அண்ணனை நினைத்து அழுதவள். போய்ப் பூ வைக்க ஒரு இடம் இல்லையே என்பதுதான் அந்த அழுகை. அதைக் கேட்டே வளர்ந்தவள் இவள்.

மறுநாள் காலையில் ஆறுமுகத்தாய் வாளியோடு வந்தாள். புதுக் கல் வைக்கிற விழாவுக்குக் கட்டவென்று எடுத்துவைத்த பச்சைச் சேலை. பெட்டியில் கிடந்து வாடை அடித்திருந்தது. நனைத்துக் கல்லில் விரித்தாள்.

"இதுல தொவைக்காதீங்க மதினி."

"ஏன், சோப்பு தீந்துட்டா? எங்கிட்ட இருக்குட்டி."

"தொவைக்காதீங்கன்னு சொல்லுதேன்லா." இவாஞ்சலின் சேலையைக் கல்லிலிருந்து இழுத்தாள். பாதி தரையில் விழுந்தது.

"ஒனக்கு என்னட்டி வந்துச்சு?"

"இதான் அந்தக் கல்லு."

"எந்தக் கல்லு?"

"பள்ளிக்கூடத்துக் கல்லு. தாத்தா கல்லு."

ஆறுமுகத்தாய் முதலில் சிரித்தாள். இவாஞ்சலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குனிந்தாள். நடுவெல்லாம் தேய்ந்துபோயிருந்தாலும், துணி படாத ஒரு ஓரத்தில் நாலைந்து எழுத்து ஆழமாகவே இருந்தது. விரலால் தடவினாள். படிக்கத் தெரியாவிட்டாலும் அது கொத்து இல்லை, எழுத்து என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"ஆரம்பத்துலயே. ஆஸ்லின் படிச்சுச் சொன்னா."

"நான் இங்கன தொவைக்க வாரதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

ஆறுமுகத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "காலத் தூக்கி இதுமேல வச்சுத் தேய்ச்சுக் கழுவியிருக்கேனே. நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமா." இவாஞ்சலின் அதோடு நிறுத்தவில்லை. "அவிய திருப்பிப் போடுதேன்னுதான் சொன்னாவ. நான்தான் வேண்டாம்னுட்டேன். பின்பக்கம் வழுக்கும்னு."

இதை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம், கண்ணுகளா. எல்லாவற்றையும் புருஷன்மேல் போட்டிருந்தால் அவர் எழுந்து வந்து இல்லையென்று சொல்லப்போவதில்லை. அவளுக்கு அது தோன்றாமலும் இல்லை.

ஆறுமுகத்தாய் சேலையைப் பிழியாமல் அப்படியே தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசல்வரைக்கும் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. வாளியை எடுக்கவில்லை.

அன்றைக்கே இவாஞ்சலின் பாஸ்டரிடம் போனாள். அங்கே மாயகிருஷ்ணனும் இருந்தார். நின்றபடியே இருவரிடமும் சொன்னாள். பாஸ்டர் நல்ல மனுஷர். "கல்லு கெடச்சதே பெருசும்மா. மண்டபத்துக்குப் பின்னால மண்ணுக்குள்ள கெடந்துச்சுன்னு சொல்லிருவோம். உங்களுக்கு எதுக்கு அவமானம்?" என்றார்.

மாயகிருஷ்ணன் வீட்டுக்கே வந்து கல்லைப் பார்த்தார்.

"ஓரத்துலயாவது நாலு எழுத்து மிச்சம் வச்சியே தங்கச்சி" என்றார்.

"அண்ணாச்சி, எங்க மாமா பேர வெட்டாதீங்க. எனக்கு அந்தத் தகுதி கெடையாது."

"அவரு என்ன தப்பு செஞ்சாரு?" என்று கேட்டுவிட்டு, ஆள் கூப்பிட்டுக் கல்லைத் தூக்கச் சொன்னார்.

ஐப்பசி மழை ஓய்ந்து, வண்டித்தடம் கொஞ்சம் காய்ந்ததும் விழா வைத்தார்கள். மண்டபச் சுவரில் பழைய கல்லைப் பதித்து, அதற்குக் கீழே பேர் வெட்டிய புதுக் கல். முதலில் சுடலைமுத்து. கடைசியில் தேவசகாயம். முதல் சண்டையில் போன மற்ற மூன்று பேர் யார் என்று ஊரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதற்கு இடம் விட்டிருந்தார்கள். மாயகிருஷ்ணன் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். ஆறுமுகத்தாய் அதே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அரளிப் பூ வைத்தாள். இவாஞ்சலின் எல்லோருக்கும் பின்னால், வேப்பமரத்தடியில் நின்றாள்.

"எய்யா, இந்தக் கல்லு இத்தன நாளும் எங்கன கெடந்துச்சு?" கூட்டத்திலிருந்து கேட்டவர் கொம்பையா. சர்ச்சுக்கு வெள்ளையடிப்பது அவர் குடும்பத்து வேலை.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். அதற்குள் ஆறுமுகத்தாய் திரும்பினாள்.

"எங்க தெருவுலதான் கெடந்துச்சு சின்னையா. நீங்க சுண்ணாம்பு பூசுன நாள்ல இருந்து எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

கொம்பையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தார். ஆறுமுகத்தாய் இவாஞ்சலின் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் இவாஞ்சலின் ஓட்டமும் நடையுமாகப் போய் அவளைப் பிடித்தாள்.

"மதினி, எம் பேரச் சொல்லாம விட்டீங்களே. எப்படித்தான் ஒங்களுக்கு இந்தப் பெரிய மனசு..."

ஆறுமுகத்தாய் நின்றாள்.

"ஒன்னயக் காப்பாத்துததுக்குச் சொல்லாம விடல. பேரச் சொல்லியிருந்தா ஊரு ஏசும். நீ அழுவ. நாலு நாளு கழிச்சு எல்லாம் தீந்துபோச்சுன்னு ஒனக்குத் தோணிரும். தோண வேண்டாம்ட்டி."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. துணி உலர்ந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய வண்டித்தடத்தில் தன்பாட்டுக்கு நடந்தாள்.

இவாஞ்சலின் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். மண்டபத்துப் பக்கமிருந்து யாரோ ஒரு பெண் கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"ஏ யக்கா, ஒங்க மாமா பேரு எவ்வளவு அழகா வெட்டியிருக்காவ! நீங்க இன்னும் கிட்டக்க வந்து பாக்கவே இல்லையே, வாங்க!"

அவ்வளவு ஆசையாகக் கூப்பிடும்போது வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? திரும்பி, இரண்டு கல்லும் இருந்த சுவரைப் பார்த்து நடந்தாள்.