அக்காவுக்கு எட்டாத மேடை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்கா கை உடைந்து கிடக்கிறாள் என்று கூடமாட உதவப் போனேன். வேலை எதுவும் பெரிதாகச் செய்யவில்லை. இரண்டு ரகசியங்களைத் தெரிந்துகொண்டு திரும்பினேன். ஒன்று அக்காவுடையது. "அவர்கிட்ட சொல்லிடாதடி" என்றாள். இன்னொன்று அத்தானுடையது. "அவகிட்ட சொல்லிடாதம்மா" என்றார். இரண்டுமே ஒரே சமையல் மேடையைப் பற்றியவை.

கதையாக எழுதிவிடாதே என்று சொல்ல மட்டும் இருவரும் மறந்துவிட்டார்கள். குடும்பக் கதை எழுதிப் பிழைக்கிறவளை வீட்டில் தங்க வைக்கிறவர்கள் இதையெல்லாம் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

2

தொடக்கத்துக்குத்தான் படாத பாடு பட்டேன்.

'சில வீடுகளில் அன்பு சுவருக்குள்ளேயே பூசப்பட்டு…' [அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே தாண்டிப் போய்விடுவேன்.]

'மகளின் பிரசவம் முடிந்து வீடு திரும்பியவளை, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போனார் கணவர்.' [இது தேவலை. ஆனால் என் பழைய வாசகிகள் இந்த வரியிலேயே மகிழ்ச்சியாகிவிடுவார்கள். பிறகு நான் செய்யப் போவதை மன்னிக்க மாட்டார்கள்.]

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் தையல்காரர். கண் மங்கத் தொடங்கியதும், கடையை மூடிவிட்டு வீட்டோடு இருப்பது என்று முடிவு செய்தார். அந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் பழைய சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டினார். வழவழவென்று கறுப்புக் கல், ஆழமான சிங்க், சத்தம் போடாமல் திறக்கும் இழுப்பறைகள். அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

மேடை அவள் மார்பு வரை இருந்தது.

கொல்லைப்புறத்திலிருந்து ஒரு பலகையை எடுத்து வந்து, துடைத்து, கீழே போட்டு, அதன் மேல் ஏறி நின்று டீ போட்டாள். ஏழு வருடம் அந்தப் பலகை அங்கேயே கிடந்தது.

(அக்கா குள்ளம். 'உன்னை மாதிரி ஒருத்தியை வைத்துக் கதை எழுதுகிறேன்' என்று போனில் சொன்னபோது, "கதையிலயாவது என்னைக் கொஞ்சம் உயரமா எழுதேன்" என்றாள். "உயரமா எழுதினா கதையே இல்லக்கா" என்றேன். சிரித்தாள்.)

3

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வருகிறது. ஒரு மேடைக்காக ஒருத்தி ஏழு வருடம் வாயைத் திறக்காமல் இருப்பாளா? பாத்திரம் நம்பும்படி இல்லையே?

கல்யாணமானவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்காக, அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வேற யாராவது கட்டியிருந்தா, தெரியாம கட்டிட்டாருன்னு விட்டிருப்பேன். இவர் யாரு? கடைக்குள்ள ஒரு பொம்பளை வந்து நின்னாலே போதும். டேப்பை எடுக்காமயே உயரம் சொல்லுவாரு. ஊர்ல இருக்கற அத்தனை பேர் அளவும் மனப்பாடம். கட்டினவ அளவு மட்டும் மறந்துபோச்சு."

"கேட்டிருக்கலாமே?"

"என்னன்னு கேக்கறது? இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தீங்களான்னா? அதுக்கு அவர் ஏதாவது பதில் சொல்லிட்டா?"

கேட்பதற்குப் பதிலாக அவள் வேறொன்று செய்தாள். தன் துணிகளைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் வேறொரு தையல்காரரிடம் கொடுக்கத் தொடங்கினாள். வீட்டில் மெஷின் இருக்கிறது, அத்தான் இருக்கிறார். "உங்க கண்ணுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்று ஒரு காரணம் சொன்னாள். அத்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததை அவள் தன் சந்தேகத்துக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டாள்.

4

தோட்டத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். [மறக்கவில்லை. தள்ளிப் போட்டேன்.]

பழைய சமையலறையில் ஜன்னல் தாழ்வாக இருந்தது. அக்கா காய் நறுக்கிக்கொண்டே நிமிர்ந்தால் கொல்லை தெரியும். ஓர் அவரைப் பந்தல், நாலைந்து தக்காளிச் செடிகள், ஓரமாகப் பூசணிக்கொடி. எந்த இலை துவண்டிருக்கிறது, எதில் பூச்சி விழுந்திருக்கிறது, பூனை எந்தப் பாத்தியில் படுத்திருக்கிறது என்று எல்லாம் அடுப்படியிலிருந்தே பார்ப்பாள். உலை கொதிப்பதற்குள் ஒரு குடம் தண்ணீரோடு ஓடிப்போய் ஊற்றிவிட்டு வருவாள். தோட்ட வேலை என்று தனியாக அவள் எதையும் செய்ததில்லை. சமையலோடு சமையலாக அதுவும் நடந்தது.

மேடை உயர்ந்ததும் ஜன்னலும் மேலே போனது. பலகையில் ஏறி நின்றாலும் அவளுக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் கொஞ்சம் வானமும்தான். கண்ணில் படாத செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து போகிறது. முதல் கோடையில் தக்காளி போயிற்று. அடுத்ததில் பந்தல் சாய்ந்தது. வெறும் கட்டாந்தரையாகக் கிடக்கிறதே என்று, ஸ்கூட்டர் நிறுத்த வசதியாக அத்தான் அதன் மேல் சிமென்ட் போட்டார். அக்கா அதையும் "நல்லா இருக்கு" என்றாள்.

இந்தப் பத்தியை மட்டும் நான் திருத்தவில்லை. கையே போகவில்லை.

5

பலகை வழுக்கியது. ஈரக் காலோடு ஏறியிருக்கிறாள். விழுந்தபோது கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை. அக்கா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் பலகையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவ்ளோ பெருசா நறுக்கினா மாட்டுக்குத்தான் போடணும்" என்றாள் அக்கா.

"மாடு கையில கட்டோட உட்கார்ந்திருக்கு, பரவாயில்ல" என்றார் அவர்.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரான முதுகு. இயல்பாக மடங்கிய முழங்கை. தோள் துளிகூடத் தூக்கிக்கொண்டிருக்கவில்லை. கடையில் துணி வெட்டும் மேசை முன்னால் காலமெல்லாம் அவர் அப்படித்தான் நின்றார். அந்த மேசைக்கும் இந்த மேடைக்கும் ஒரே உயரம்.

மத்தியானம் அவர் குளிக்கப் போனதும் என் கையைப் பிடித்தாள்.

"அவர் அளவு தப்பா எடுக்கலடி. என்னை அளக்கவே இல்ல. அவரைத்தான் அளந்திருக்காரு. சமைக்கறதுக்குன்னு தனக்காகக் கட்டியிருக்காரு."

"அப்போ போய்ச் சொல்லு."

"எதைச் சொல்ல? ஏழு வருஷமா உங்களை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே டீ போட்டுக் கொடுத்தேன்னா? துணியை வேணும்னேதான் வெளிய கொடுத்தேன்னா? வேண்டாம். நீயும் வாயைத் திறக்காத."

6

அத்தானின் பக்கத்தை நான் கற்பனை செய்து எழுதலாம் என்றிருந்தேன். அதற்கு அவர் வாய்ப்பே தரவில்லை. சாயங்காலம் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே தானாகச் சொன்னார்.

"கடையை மூடினதும் ஒண்ணு தோணிச்சும்மா. இவ்ளோ காலம் அவ நின்னா. இனிமே நான் நிக்கறேன், அவ உட்காரட்டும்னு. அதான் என் உயரத்துக்கு வெச்சேன்."

"அதை அக்காகிட்ட சொன்னீங்களா அத்தான்?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். வந்தா, பார்த்தா, பலகையைப் போட்டு ஏறிட்டா. ஏறி நிக்கறவளை எப்படி எறங்குன்னு சொல்றது? சாயங்காலமா வெங்காயம் நறுக்கலாம்னு கத்தியை எடுத்தேன். 'தள்ளுங்க, நீங்க நறுக்கி நான் எப்ப முடிக்கறது'ன்னா. தள்ளிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. தள்ளியே நின்னுட்டேன்."

துணியை இரண்டாக மடித்தார். விளிம்போடு விளிம்பு சரியாகச் சேர்த்து மடித்தார். "தன் அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான்னு நெனச்சேன். என் தையல்கூட வேண்டாம்னுட்டா. இப்ப அவ விழுந்ததுக்கே என் மேடைதான் காரணம். எனக்காகக் கட்டினேன்னு தெரிஞ்சா என்னம்மா நெனைப்பா? சொல்லிடாத. அவ கட்டை அவுத்ததும், அடுத்த திங்கட்கிழமை கொத்தனார் வர்றாரு. இடிச்சு, அவ உயரத்துக்கு இறக்கிடலாம்."

7

இப்போது என் கஷ்டம் புரிகிறதா? அவருக்கு அவளுடைய வருத்தம் தெரியாது. அவளுக்கு அவருடைய வருத்தம் தெரியாது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பதிப்பாசிரியருக்குப் பிடித்த முடிவு இது:

'"இடிக்க வேண்டாம்" என்றாள் அவள். அவர் திரும்பினார். அவள் கண்ணில் நீர். இருவரும் ஒரே மேடையில் அருகருகே நின்று…' [ஒரே மேடையில் எப்படி நிற்பார்கள்? அவள் திரும்பவும் பலகையில் ஏற வேண்டுமே. நிறுத்தினேன்.]

இன்னொன்று:

'மேடை இறங்கியது. அவள் தரையில் நின்று சமைத்தாள். வலது கையால் தோசைக்கரண்டியைப்…' [இல்லை, வெறும் கரண்டி போதும்.] '…கரண்டியைப் பிடித்தபடி நிமிர்ந்தபோது ஜன்னல் இன்னும் மேலேயே இருந்தது. அவர் தண்ணீர் குடிக்க வந்தார். "தள்ளுங்க" என்று அவள் சொல்லவில்லை. ஆனாலும் அவர் தள்ளித்தான் நின்றார்.'

இந்த இரண்டாவது முடிவுதான் நடக்கும் என்று என் மனம் சொல்கிறது. எழுதி முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

நீங்களே சொல்லுங்கள். நான் எழுதிய நாவல்களில் எத்தனை ஜோடிகள் ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் தகராறை இருநூறு பக்கத்துக்கு இழுத்திருக்கிறார்கள்! வாசகிகள் கடிதம் எழுதித் திட்டுவார்கள். 'அந்தப் பெண்ணுக்கு வாய் இல்லையா?' என்று கேட்பார்கள். கடைசிப் பக்கத்தில் அவளுக்கு ஒரு வாயைக் கொடுத்துவிடுவேன், எல்லாம் சரியாகிவிடும். கடைசிப் பக்கம் வந்தால் அவரைப் பந்தல் திரும்பவும் எழுந்து நிற்கும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

8

ஆறு வாரம் கழித்து, அந்தத் திங்கட்கிழமை. இதுவரை எழுதியதைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். படித்துக் காட்டவா, கிழித்துப் போடவா என்று எனக்கே தெரியவில்லை.

கட்டு அவிழ்த்த கையை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள் அக்கா. மேடை மேல் ஒரு சாமான் இல்லை. அத்தானே எல்லாவற்றையும் துடைத்து எடுத்து வைத்திருந்தார். பலகையைக் காணவில்லை. கொத்தனார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஒரு முனையைத் தரையில் மிதித்துக்கொண்டார்.

"போன தடவை அய்யா அளவு. இந்தத் தடவை யார் அளவுக்கு?"

அக்கா சட்டென்று நிமிர்ந்து அத்தானைப் பார்த்தாள். அத்தான் தரையைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது. எங்களில் யாரும் சொல்லாமலே ஒரு ரகசியம் வெளியே வந்துவிட்டது. மற்றொன்று இன்னும் அக்காவிடம்தான் இருந்தது.

"அம்மா அளவுக்குத்தான்" என்றார் அத்தான், தரையைப் பார்த்தபடியே.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். திறந்த வாயை மூடினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கதை எழுதுகிறவளாயிற்றே, ஒரு வாக்கியமாவது கைவசம் இருக்காதா என்பது போன்ற பார்வை.

என்னிடம் ஏழு பிரிவுகள் இருந்தன. அவளுக்குக் கொடுக்க ஒரு வாக்கியம் இல்லை. நான் எது சொன்னாலும் அது என் வாக்கியமாகத்தான் இருக்கும். ஏழு வருடமாக அந்த வீட்டில் சொல்லப்படாமல் கிடந்தது அவளுடைய வாக்கியம்.

அதனால் நான் இங்கே விலகிக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மேடையோ, உயர்த்திவிட்ட ஜன்னலோ, சிமென்ட் போட்ட மண்ணோ இருக்கும். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

டேப் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அக்காவின் இடுப்பைத் தாண்டப் போகிறது. அத்தானின் முழங்கைக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

"சொல்லுங்க" என்கிறார் கொத்தனார். "எங்க நிறுத்தட்டும்?"