அறுபது ஆளுக்கு விற்ற மாலை

சனிக்கிழமை மாலைக் காட்சியை விலை மதிக்கவே முடியாது என்பார்கள் புனேயில். நான் அதை அறுபது ஆளுக்கு விற்றேன்.

கல்லூரிகளின் மராத்தி ஓரங்க நாடகப் போட்டியில் யாருக்கு எந்த நேரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். இரண்டு கல்லூரிகள் ஒப்பினால் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் சின்ன வணிகவியல் கல்லூரிக்கு விழுந்தது சனி மாலை. பெரிய கல்லூரிக் குழுவின் தலைவன் ஷார்தூலுக்கு ஞாயிறு காலை ஒன்பது, ஊரே கொட்டாவி விடும் நேரம்.

எங்கள் இயக்குநர் மந்தார் சீட்டை முத்தமிட்டான். நான் பிடுங்கிக்கொண்டேன். ஒருமுறைகூட நாங்கள் இறுதிச் சுற்றைத் தொட்டதில்லை. இது எங்களுக்குக் கடைசி வருடம். மாலையில் பெரிய கல்லூரிக் கூட்டம் ஊளையிட வரும். காலையில் எங்கள் நகைச்சுவைக்குச் சிரிக்க ஆளே இருக்காது. ஆள்தான் வேண்டும், ஊளை வேண்டாம்.

"மாலையை நீ எடுத்துக்கோ. பதிலுக்கு நூறு ஆள். காலையில வந்து உட்காரணும்," என்றேன் ஷார்தூலிடம்.

தின்றுகொண்டிருந்த வடாபாவ் அவன் தொண்டையில் சிக்கியது. "நூறா? எந்திரிக்கவே மாட்டானுங்கடி. முப்பது."

"முப்பதுக்கு டீ இடைவேளைதான் கிடைக்கும்."

"துளசிபாக் கடைத்தெருவுல உங்கப்பா பாத்திரம் விக்கிற மாதிரியே பேசுறே!"

"எங்கப்பா இளகின மனசுக்காரர். அங்க போய்க் கேளு, குறைப்பார்."

அறுபதில் கைகொடுத்தான். "ஆனா உட்காருவாங்க, அவ்வளவுதான். சிரிக்க மாட்டாங்க."

"அது எங்க வேலை."

சனி மாலை அரங்கம் பிதுங்கியது. "யார் குரல்?" "எங்க குரல்!" என்ற கோஷத்தில் சுவர் அதிர்ந்தது. ஷார்தூலின் வசனம் ஒவ்வொன்றுக்கும் விசில். நடிகர்கள் நின்று நின்று பேசினார்கள். திரை விழுந்தபோது ஒரு மணி நேரக் கெடு தாண்டியிருந்தது. விதிப்படி போட்டியிலிருந்து வெளியே.

ஷார்தூல் மழையில் நனைந்தபடி என்னிடம் வந்தான். "தெரிஞ்சேதான் வித்தியா, கேதகி?"

"கெடு உனக்கும் தெரியும். முழு மணி நேரத்துக்கு நாடகம் எழுதிட்டு விசிலையும் கூட்டிட்டு வந்தது யாரு? நாங்க சிரிப்புக்குன்னு பத்து நிமிஷம் ஒதுக்கித்தான் எழுதியிருக்கோம்."

விருட்டென்று திரும்பி மழைக்குள் நடந்தான்.

"போச்சு. இனி எதுக்கு ஆள் அனுப்புவான்?" என்றான் மந்தார்.

"கை கொடுத்திருக்கான்டா. வருவான்."

சொல்லிவிட்டேனே தவிர, காலையில் காலி நாற்காலிகளுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒன்பதுக்குச் சற்று முன் ஈரக் குடைகள் நுழைந்தன. முன்னால் ஷார்தூல். ஜாமீன் கையெழுத்துப் போட வந்தவர்கள் மாதிரி முகம், கட்டிய கைகள்.

பத்து நிமிடம் கல் முகங்களுக்கு முன்னால் நடித்தோம். பிறகு, கடன் கொடுத்தவனுக்குப் பயந்து கோதுமைப் பீப்பாயில் ஒளிந்த மாமா, வெளியே தன் கடனைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று தலையை நீட்டித் திருத்தும் இடம் வந்தது. ஷார்தூலின் தோள் குலுங்கியது. கைக்குட்டையைக் கடித்தான். பின்னால் ஒருத்தி வெடித்துச் சிரித்தாள். அப்புறம் மொத்த வரிசையும் சரிந்தது. நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெடுவுக்குள் திரை விழுந்தது.

அன்று மாலை இறுதிச் சுற்றுப் பட்டியலில் எங்கள் பெயரை வாசித்தார்கள். மந்தார் நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

ஷார்தூல் வந்தான். "கணக்கு தீர்ந்துதா தாயே?"

"இல்ல. ஏழு தலை குறையுது."

"அடிப்பாவி! சிரிப்பு பேரத்துலயே இல்ல. அதுல கழிச்சுக்கோ."

"சிரிப்பு நாங்க சம்பாதிச்சதுடா."

பேசியது அறுபது. வரவு ஐம்பத்துமூன்று. பாக்கி ஏழு, இறுதிச் சுற்றில் முன்வரிசையில் வசூல்.