பீச்சுக்குப் போட்ட மெத்தை

அமெரிக்காவின் தென் ஜார்ஜியாவில் மரம் அறுக்கும் மில்லில் முதுகு ஒடிய வேலை செய்கிறவன் டெல்மர். மகள் ட்ரெஸ்ஸா கடற்படையில் சேர்ந்து கிளம்பிய அன்று, தான் வளர்த்த, பீச் என்று பெயரிட்ட, விஷமில்லாத சோளப்பாம்பை அவன் கையில் கொடுத்தாள். "அப்பா, பீச்சப் பட்டினி போட்டுடாத" என்றாள். அப்போது அது பென்சில் பருமன்தான். ரோமம் முளைக்காத எலிக்குஞ்சை விழுங்கிவிட்டு நாள்கணக்கில் சுருண்டு கிடக்கும்.

சட்டை உரித்து உரித்து வளர்ந்தது. முழு எலி கேட்டது. இருந்த பிளாஸ்டிக் பெட்டியில் உடம்பை நீட்ட இடமில்லை. டெல்மர் ஒட்டுப்பலகை அறுத்து, முன்பக்கம் கண்ணாடி வைத்து, ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குப் புதுப்பெட்டி செய்தான். ஒரு ஓரத்தில் சூட்டு விரிப்பு, மறு ஓரத்தில் தண்ணீர், ஒளிந்துகொள்ளப் பொந்துக்கட்டை. தரையில் பரப்ப மில்லிலிருந்து வாசனையான செடார் மரச் சீவல் ஒரு மூட்டை சுமந்து வந்தான். வீடே கமகமத்தது.

அன்றோடு பீச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டது.

ஃப்ரீசரில் வைத்திருந்த உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டிப் பார்த்தான். பாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மேல்மூடி வலையில் மூக்கை உரசியபடியே இருந்தது. மெத்தை போதவில்லையோ என்று புதுச் சீவல் இன்னும் கொட்டினான். பாம்பு வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. மகளுக்கு என்ன பதில் சொல்வது?

"எம் பட்டாணிப் பொட்டலத்து மேல எலிய வைக்காதன்னா கேக்குறியா, மனுஷா?" என்று வந்தாள் அவன் மனைவி ஓர்லீன். பாம்புப் பெட்டிப் பக்கமே எட்டிப் பார்க்காதவள்.

"செத்துரும் போல இருக்கு, ஓர்லீன்."

அவன் குரல் உடைந்ததைக் கேட்டு முதன்முறையாகக் கிட்டே வந்து குனிந்தாள். குனிந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"இது நம்ம கம்பளிப் பெட்டி வாசமில்ல? கம்பளிய எதுக்குய்யா செடார் பெட்டில வைக்கிறோம்?"

"பூச்சி அண்டாம..."

சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. ஆயுள் முழுக்க அந்த மரத்தூளையே சுவாசித்தவனுக்கு அது நல்ல வாசம் மட்டும்தான்.

"பூச்சிய வெரட்டுற மரத்த அது மூக்குக்குக் கீழ கொட்டி வச்சிருக்க. எடு வெளிய!"

"நான் பெட்டியக் கழுவணும். அது வரைக்கும் யாரு பிடிக்கிறது?"

ஓர்லீன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். "சீக்கிரம் குடு, மனசு மாறுறதுக்குள்ள."

பாம்பு அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். "ஐயோ, கொழகொழன்னு இல்லையே இது. சுத்தமா ஒலர்ந்துல்ல இருக்கு."

பெட்டி வெயிலில் காயும்வரை பீச் பழைய பிளாஸ்டிக் பெட்டியிலேயே இருந்தது. பிறகு புதுவீட்டில் செய்தித்தாள் விரித்து அதை உள்ளே விட்டார்கள். மூச்சு சீரானது. ஆனாலும் எலியைத் தொடவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, ஓர்லீன் பெட்டிமுன் மண்டியிட்டு இடுக்கியை நீட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று ஒரு பாய்ச்சல். எலியைச் சுற்றி மூன்று வளையம். தாடை அகன்று மெல்ல விழுங்கத் தொடங்கியது.

"நிதானமா, தாயி. யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க" என்றாள் ஓர்லீன்.

பூட்ஸைக் கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான் டெல்மர். தொட்டுப் பார்க்கக் கை நீண்டது. அவள் அந்தக் கையைப் பட்டென்று தட்டி, தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"தின்னதும் தொட்டா கக்கிடும். சும்மா கெட."