வெட்டிய ஏழு புள்ளிகள்

கட்டுரை வெளியான காலையில் ஆய்வுக்கூடத்தில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் கத்தரி. தொலைநோக்கி அனுப்பும் அளவுகளில் பிழைகளை வெட்டித் தள்ளும் நிரலை எழுதியவள் அவள்தான்.

கட்டுரை வேறொரு குழுவினுடையது. விண்மீன் மண்டலமோ மூன்று வருடமாக அவள் பார்த்துவந்த அதே மண்டலம். அதன் நடுவில் சுழலும் வாயுவின் வேகத்தை அவர்கள் அளந்திருந்தார்கள். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கம் நகரும்; விலகிப் போவதன் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். மையத்தை நெருங்க நெருங்க வேகம் அடங்கவேண்டும். இங்கே அடங்காமல் நொடிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு எகிறியிருந்தது. அப்படி ஓடும் வாயுவைப் பிடித்துவைக்கப் பத்துக் கோடி சூரியன்களின் எடை வேண்டும். அவ்வளவு எடைக்கு ஏற்ற வெளிச்சம் அங்கே இல்லை. ஆகவே கருந்துளை.

நிரல் வெட்டியதையெல்லாம் தனிக் கோப்பில் போட்டுவைக்கும். அவள் திறந்து பார்த்தாள். ஏழு புள்ளிகள், அதே வேகம். இரண்டு வருடம் முன்பே இதைத் துறைத் தலைவரிடம் கொண்டுபோயிருந்தாள்.

"சார், நடுவுல மட்டும் ஏழு எகிறுது. நாலு வருது, மூணு போகுது. பிழைன்னா இப்படிப் பாகம் பிரிச்சுக்குமா?"

"ஏழு புள்ளிய வச்சுக்கிட்டு கருந்துளை தேடுறியாம்மா? சராசரிலேர்ந்து வழக்கமான விலகலைவிட மூணு மடங்குக்கு மேல விலகுனா வெட்டு. நீ எழுதுன விதிதானே?"

வெட்டினாள். தன் விதிக்கு ஓரவஞ்சனை தெரியாது என்று அப்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்போது தலைவர் கையில் இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு அவள் மேசைக்கே வந்தார். எட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"பாத்தியாம்மா, நாம அப்பவே பாத்தது!"

"பாத்தோம் சார். வெட்டுனோம்."

"ஒதுக்கி வச்சோம். உறுதியாகட்டும்னு காத்திருந்தோம். அப்படியே ரெண்டு பக்கம் எழுது, உன் பேரு முதல்ல. உன்னை நிரந்தரமாக்குற கோப்பு என் மேசைலதான் கிடக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

எட்டு வருடமாக ஆண்டுக்காண்டு நீட்டிக்கும் வேலை. நீட்டிப்பு மாதம் வந்தால் வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடாது.

எழுதினாள். 'காத்திருந்தோம்' என்ற இடம் வந்ததும் விரல் நின்றது. அடித்தாள், அழித்தாள். கடைசியில், 'இவற்றைப் பிழையெனக் கருதி வெட்டிவிட்டோம்' என்று எழுதிக் கொண்டுபோனாள்.

தலைவர் படித்துவிட்டுச் சிரித்தார். "இது ஆய்வுக் குறிப்பா, மன்னிப்புக் கடுதாசியா?"

"நடந்தது சார்."

"நடந்ததை யாரு கேட்டா? இது வெளிய போனா பழசையெல்லாம் கிளறுவான். உன் கத்தரி எத்தனை மண்டலத்துல விளையாடியிருக்கு?"

"நாப்பத்திரண்டு."

சொன்ன பிறகுதான் அந்த எண் அவளுக்கே உறைத்தது. நாற்பத்திரண்டிலும் 'மையத்தில் ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"வரிய மாத்த மாட்டேன் சார்."

"அப்ப உன் பேரு எதுக்கு? நானே எழுதிக்கிறேன்."

எழுதி அனுப்பியும்விட்டார். அடுத்த வாரம் நியமனக் குழு கூடியது. அவள் கோப்பு மேசையை விட்டு நகரவில்லை. வேலைக்கு மாதக் கடைசிவரை தவணை.

மிச்சமிருந்த நாட்களில் நாற்பத்திரண்டு கோப்புகளையும் வரிசையாகத் திறந்தாள். பதினொன்றில் நடுவில் அதே கதை; பாதிப் புள்ளிகள் வந்தன, பாதி போயின. பட்டியல் போட்டு, 'இவற்றை வெட்டியது நான்' என்று கையெழுத்திட்டு, அந்த வேறு குழுவுக்கே அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வீட்டுக்காரர் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"என்னவாம்? தலைல தூக்கி வச்சுக்கிட்டாங்களா?"

'நன்றி. அந்தத் தொலைநோக்கியின் மூல அளவுகள் எங்களிடமும் உள்ளன. தங்கள் பட்டியலில் விடுபட்ட மூன்றையும் சேர்த்து, பதினான்கும் அச்சில் இருக்கின்றன.'

அவள் இரண்டு தரம் படித்தாள்.

"மூணை விட்டுட்டேனாம்," என்றாள்.